மௌனம் பிரீமியம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரமாக நிற்கும் நலம்பொழில் மல்டி ஸ்பெஷாலிட்டி மருத்துவமனையில் உடைந்த எலும்பைச் சேர்ப்பார்கள், அறுந்த விரலைத் தைப்பார்கள், நின்றுபோக இருந்த இதயத்தைக்கூட இரண்டொரு முறை தட்டி எழுப்பியிருக்கிறார்கள். கட்டிலுக்கு மேலே தொங்கும் டிவியை அணைக்க மட்டும் அங்கே யாராலும் முடியாது.

இதை மெர்சி தெரிந்துகொண்டபோது அவள் கணவன் ராபின் விபத்து வார்டில் தலைக்கட்டோடு நினைவில்லாமல் கிடந்தான். ரோலிங் மில்லில் கிரேனின் கொக்கி ஆடிவந்து அவன் தலையில் மோதியிருந்தது. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்தது, தலை பிளக்கவில்லை. ஆனால் உள்ளே கொஞ்சம் ரத்தம் கசிந்து மூளை வீங்கியிருந்தது. இளம் டாக்டர் ஒருவர் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ஆபரேஷன் இப்ப வேணாம்மா. வீக்கம் தானா வடியுதான்னு பாப்போம். நாளைக்கு மத்தியானம் திரும்ப ஒரு ஸ்கேன். அதுவரைக்கும் இருட்டு, அமைதி. மத்த மருந்தெல்லாம் அதுக்கு அப்புறந்தான். வெளிச்சமோ சத்தமோ பட்டு உள்ள பிரஷர் ஏறிச்சுன்னா மறுபடியும் கசியும். கசிஞ்சா…"

அவர் முடிக்கவில்லை. டிவி அவரை முடிக்க விடவும் இல்லை. ராபினின் முகத்துக்கு ஒரு முழம் மேலே இருந்த திரை பளீரென்று எரிந்தது. "உங்கள் கனவு இல்லம்! பைபாஸுக்கு மிக அருகில்!" என்று ஒரு பெண்குரல் கத்த, அதன் பின்னாலேயே தவிலும் நாகஸ்வரமும் புகுந்தன. ராபினின் புருவம் சுருங்கியது. பக்கத்து மெஷினில் பச்சை எண்கள் ஏற ஆரம்பித்தன.

"டாக்டர், இத்த நிறுத்துங்க டாக்டர்!"

"அது மெடிக்கல் சைடு இல்லம்மா," என்றார் டாக்டர், தாமும் குரலை உயர்த்தி. "அது எக்ஸ்பீரியன்ஸ் சைடு." சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைத்துக்கொண்டே போனார். அங்கே பலரும் அதை அப்படித்தான் வைத்திருந்தார்கள்; நெஞ்சைக் கேட்பதற்கு மட்டுமல்ல.

மெர்சி சுவிட்சைத் தேடினாள். இல்லை. வயர் சுவருக்குள் போய் மறைந்தது. திரையைத் தாங்கிய இரும்புக் கையைப் பிடித்து ஓரமாகத் தள்ளினாள். அது தேர்தல் நேரத்து வேட்பாளரைப் போல மறுபடியும் ராபினின் முகத்துக்கு நேரே வந்து நின்றது. துப்பட்டாவை எடுத்து அதன்மேல் போட்டாள். உடனே ஒரு மணி அடித்தது. "அன்புள்ள ராபின்! உங்கள் திரை மறைக்கப்பட்டுள்ளது. உதவி வந்துகொண்டிருக்கிறது!"

உதவி பயிற்சி நர்ஸ் ரோஜாவின் வடிவில் ஓடிவந்தது. பொன்னேரிப் பக்கத்துப் பெண். யூனிஃபார்ம் அவளைவிட ஒரு அளவு பெரியதாக இருந்தது.

"அக்கா, துணி போடாதீங்க. அதுக்குக் கண்ணு இருக்குது."

"கண்ணா?"

"மேல பாருங்க, சின்னதா. பேஷண்ட் பாக்கறாரான்னு அது பாக்கும்."

"இவரு எங்கமா பாக்கறாரு? சரி, காதுல பஞ்சாச்சும் வெக்கட்டா?"

"ஐயோ வேணாங்கா. காதுலேர்ந்து தண்ணி மாரி எதுனா வருதான்னு பாக்கச் சொல்லிகீறாரு டாக்டர். பஞ்சு வெச்சா தெரியாம பூடும்."

அடுத்த கட்டிலிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அருணகிரி, திருவாலங்காட்டு விவசாயி. டிராக்டரிலிருந்து விழுந்து, மாவுக்கட்டுப் போட்ட கால் கயிற்றில் தொங்க மல்லாந்து கிடந்தார். "பொண்ணே, எங்க ஊருல சாமியும் காளியும் போட்டி போட்டுக்கினு ஆடினாங்க இல்ல? அவங்களே ஒரு கட்டத்துல நிறுத்திட்டாங்க. இது நிறுத்தாது. நானும் வந்த நாள்லேர்ந்து பாக்கறேன்."

"நீங்க மட்டும் சீரியல் பாக்கறீங்களே பெரிப்பா?"

"அது டப்பு கட்டி பாக்கறது. டப்பு கட்டலைன்னா வெளம்பரம். ரெண்டுத்துல ஒண்ணு பாத்தே ஆவணும். காலு உடைஞ்சவன் எழுந்து ஓட மாட்டான்னு தெரிஞ்சிகினுதான் மாட்டிகீறானுங்க."

ஏற்பாடு அதுதான். அதன் பெயர் ஆறுதல் திரை. எல்லாக் கட்டிலுக்கும் உண்டு. பணம் கட்டாதவர்களுக்கு 'அன்பளிப்பு'ப் பேக்: காலையில் விளக்குப் போட்டதிலிருந்து இரவு விளக்கணைக்கும் வரை விளம்பரம் மட்டும்; சத்தத்தைக் கூட்டலாம், குறைக்க முடியாது. பணம் கட்டினால் 'இன்பம்' பேக்கில் சீரியலும் சினிமாவும். 'அருள்' பேக்கில் மும்மதப் பக்திப் பாடல்கள். எல்லாவற்றுக்கும் மேலே, தங்க நிற எழுத்தில், 'மௌனம் பிரீமியம்'. இதில் எதுவும் வராது. நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய், ஜிஎஸ்டி தனி. ராபினின் மூன்று நாள் கூலி. இன்ஷூரன்ஸில் இது சேராது. மௌனம் பொழுதுபோக்குக் கணக்கில் வருகிறது.

விளக்கம் கேட்க வேண்டிய இடம் தரைத்தளத்தில் இருக்கும் நோயாளர் அனுபவப் பிரிவு என்றாள் ரோஜா.

அந்த அறைக்குள் நுழைந்ததும் மெர்சிக்குக் காது அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. பிறகுதான் புரிந்தது, அங்கே சத்தமே இல்லை. தடித்த திரைச்சீலை, மெத்தைக் கதவு, ஒரு மீன் தொட்டி. மேலாளர் பூவராகவன் எழுந்து நின்று கும்பிட்டார்.

"உக்காருங்க மேடம். உங்க வலியை நாங்க உணர்றோம்."

"வலி அவருக்கு சார்."

"அவரோடதையும் சேத்து உணர்றோம். சொல்லுங்க."

"டிவியை ஆஃப் பண்ணணும் சார். டாக்டரே சொல்லிட்டாரு, சத்தமே ஆவாதுன்னு. பிரஷர் ஏறிக்கினே போவுது சார்."

பூவராகவன் யாரோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல முகத்தைச் சுளித்தார். "நாங்க 'ஆஃப்'ங்கிற வார்த்தையை யூஸ் பண்றதில்ல மேடம். 'மௌனத்துக்கு மேம்படுத்தறது'ன்னு சொல்லுவோம். ஒரு நோயாளியைத் தனியா விட்டா என்ன பண்ணுவாரு? யோசிப்பாரு. எதைப் பத்தி யோசிப்பாரு? பில்லைப் பத்தி. அந்தக் கவலையிலேர்ந்து அவரைக் காப்பாத்தத்தான் ஆறுதல் திரை. அதனாலதான் அதைப் பில்லுலயே சேத்திருக்கோம்."

"ஒண்ணும் ஓடாததுக்கு எதுக்கு சார் இவ்ளோ காசு?"

"நல்ல கேள்வி. விளம்பரம் ஓடினா எங்களுக்கு வருமானம். ஓடலைன்னா நஷ்டம். அந்த நஷ்டத்தை யார் தாங்கறது? மௌனத்தை அனுபவிக்கிறவங்கதானே? மத்த நோயாளிங்க தலையில கட்டறது நியாயம் இல்லையே. நாங்க ரொம்ப நியாயமா யோசிச்சுப் போட்ட ரேட் மேடம் இது."

"டிவி இல்லாத ரூமு ஒண்ணுகூட இல்லையா சார்? எதுவா இருந்தாலும் பரவால்ல."

பூவராகவன் சற்று யோசித்தார். "ஒண்ணு இருக்கு. பேஸ்மெண்ட்ல. நல்ல குளிர்ச்சியான ரூம். ஆனா அங்க தங்கறவங்ககிட்டேர்ந்து ஃபீட்பேக் எதுவும் வர்றதில்ல. அதான் திரை மாட்டல."

அது எந்த அறை என்று மெர்சிக்கு உறைக்க ஒரு நிமிடம் பிடித்தது. உறைத்ததும் எழுந்தாள். கைப்பைக்குள் மில் ஆட்கள் மதியம் வசூல் செய்து கொடுத்த பணம் பிளாஸ்டிக் கவரில் இருந்தது. மருந்துக்கென்று வைத்திருந்தாள். டாக்டர் சொன்ன மருந்தும் இதுதானே என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாளைக்குக் கட்டினாள். பூவராகவன் தாமே ரசீதைக் கொடுத்துக் கைதட்டினார்.

"வாழ்த்துகள் மேடம்! இனிமே ஒரே ஒரு ஸ்டெப்புதான். நோயாளியோட சம்மதம். அவர் திரையை நேராப் பாத்து, கண்ணைத் திறந்து, 'சம்மதம்'னு சொல்லணும். உடனே ஆக்டிவேட் ஆயிடும்."

"அவரு நெனவில்லாம கீறாரு சார்."

"அவசரமே இல்ல. நினைவு வந்ததும் சொல்லட்டும். அதுவரைக்கும் அன்பளிப்புப் பேக் இலவசமா ஓடிட்டிருக்கும்."

"நான் சம்சாரம் சார். நான் சொல்றேன் சம்மதம்னு."

"மேடம்," பூவராகவனின் குரல் கனிந்தது, "தலையைத் திறந்து ஆபரேஷன் பண்ண நீங்க கையெழுத்துப் போடலாம். ரத்தம் ஏத்தப் போடலாம். அதெல்லாம் மெடிக்கல். ஆனா அவர் எதைப் பாக்கணும், எதைப் பாக்க வேணாம்கிறது அவரோட தனியுரிமை. அதுல நாங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட். நாளைக்கே அவர் முழிச்சுக்கிட்டு, 'எனக்கு வர வேண்டிய விளம்பரத்தை ஏன் நிறுத்தினீங்க?'ன்னு கேட்டா நாங்க என்ன பதில் சொல்றது?"

மெர்சி படியேறி வார்டுக்கு வந்தபோது நிலைமை முன்பைவிட மோசமாகியிருந்தது. பணம் கட்டியதைத் திரை தெரிந்துகொண்டுவிட்டது. வீட்டு மனையும் தவிலும் போய், இப்போது பொன்னிறத்தில் பூ மாரி பொழிந்தது. "வாழ்த்துகள் ராபின்! நீங்கள் மௌனத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்! தயவுசெய்து திரையை நேராகப் பார்த்து, சம்மதம் என்று உரக்கச் சொல்லுங்கள்!" ஒரு மணியோசை. ஒரு சின்ன இடைவெளி. மறுபடியும், "வாழ்த்துகள் ராபின்!"

"இன்னா பொண்ணே, டப்பு கட்டினியா?" என்றார் அருணகிரி.

"கட்டினேன் பெரிப்பா."

"அதான் கூவுது."

திரையின் மூலையில் ஓர் உதவி எண் இருந்தது. கூப்பிட்டாள். எடுத்த இளைஞன் மிகவும் கனிவானவன். "இது எல்லாருக்கும் வர்ற பிரச்சினைதான் மேடம். பேஷண்டோட கண் இமையை விரலால லேசா தூக்கிப் பிடிங்க. கேமரா எடுத்துக்கும். 'சம்மதம்' நீங்க சொன்னாலும் வாய் அசையற மாதிரி மட்டும் அவர் தாடையை…"

மெர்சி போனை வைத்தாள். நிமிர்ந்து மெஷினில் பச்சை எண்களைப் பார்த்தாள். இன்னும் ஏறியிருந்தன. ஒரே ஒரு நொடிதானே, அப்புறம் நாளை மத்தியானம் வரைக்கும் நிம்மதி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ராபினின் வலது இமையைத் தொட்டாள். மெல்லத் தூக்கினாள்.

பொன் வெளிச்சம் கண்ணுக்குள் பாய்ந்ததும் அவன் உடம்பு முழுவதும் விறைத்தது. தொண்டையிலிருந்து அவள் இதுவரை கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. பிறகு வாந்தி. மெஷின் அலறியது. ரோஜா ஓடிவந்து அவனை ஒருக்களித்துத் திருப்பி வாயைத் துடைத்தாள். "படம் தெளிவாக இல்லை. தயவுசெய்து மீண்டும் முயலுங்கள்," என்றது திரை.

டாக்டர் வந்து டார்ச்சால் ஒரு கணம் கண்ணைப் பார்த்தார். முகம் மாறியது. "ஒரு பக்கம் கண்ணு பாப்பா கொஞ்சம் விரிஞ்சாப்பல இருக்கு. இன்னும் ஒரு தடவை இப்படி ஆச்சுன்னா தலையைத் திறக்கணும். அதுக்கு சர்ஜன் மெட்ராஸ்லேர்ந்து வரணும்."

"இவரையே மெட்ராஸுக்கு இட்டுக்கினு போவட்டுமா சார்?"

"வண்டி குலுக்கல் இதைவிட மோசம்மா. அசைக்காதீங்க." திரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "போன வாரம் நான் கேஸ் ஷீட்டுல 'சத்தம் கூடாது'ன்னு எழுதினேன். மெடிக்கல் சைடு எக்ஸ்பீரியன்ஸ் சைடுல தலையிடுதுன்னு எனக்கு மெமோ குடுத்தாங்க."

அவர் போன பிறகு மெர்சி ராபினின் காதுகளைத் தன் இரண்டு உள்ளங்கையாலும் பொத்திக்கொண்டு கட்டிலின்மேல் குனிந்து நின்றாள். முதுகால் வெளிச்சத்தை மறைத்தாள். "அன்புள்ள ராபின், உங்கள் திரை மறைக்கப்பட்டுள்ளது," என்று அது அவள் பின்கழுத்தில் கத்தியது. அவள் நகரவில்லை.

பார்வையாளர் நேரத்தில் குணாளன் வந்தபோது அவள் அப்படியேதான் நின்றிருந்தாள். குணாளன் மில்லில் எலக்ட்ரீஷியன், பழவேற்காட்டுக்காரன், ராபினின் கூட்டாளி. ஷிப்ட் முடிந்து கிரீஸ் சட்டையோடு வந்திருந்தான்.

"இன்னா தங்கச்சி இது, சினிமாக் கொட்டாய் மாரி கீது?"

மெர்சி நடந்ததையெல்லாம் சொன்னாள். கையை எடுக்காமலே சொன்னாள். கட்டிலுக்குக் கீழே ராபினின் பொருள்கள் அடங்கிய பிளாஸ்டிக் பை இருந்தது. உடைந்த ஹெல்மெட், ஷூ, பெல்ட். குணாளனின் கண் அதிலேயே நின்றது. குனிந்து பையைக் கிளறி, பெல்ட்டோடு மாட்டியிருந்த ஒரு பூட்டையும் சிவப்பு அட்டையையும் எடுத்தான்.

"இது அவரு ஐடி கார்டுண்ணே. போட்டோ ஒட்டிகீது பாரு."

"ஐடி கார்டு இல்ல தங்கச்சி. இதுதான் எங்க உசுரு."

மில்லில் ஒரு மெஷினில் கை வைப்பதற்கு முன் அதன் சுவிட்சை இறக்கி, அவனவன் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, தன் போட்டோ ஒட்டிய சிவப்பு அட்டையைத் தொங்கவிட வேண்டும். அந்தப் பூட்டை அவன் மட்டும்தான் கழற்றலாம். மேனேஜர் வந்தாலும் முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது. உள்ளே ஒருத்தன் கை இருக்கிறது என்று அர்த்தம்.

"இன்னிக்கும் கிரேன்ல கை வெக்குமுன்ன இத்தப் போடறேன்னுதான் சொன்னான்," என்றான் குணாளன். "டைமில்ல, வேலையப் பாருடான்னு வெரட்டினான் சூப்பர்வைசரு."

ரோஜாவைக் காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு மெர்சி அவனோடு வெளியே வந்தாள். வார்டுக்கு வெளியே தாழ்வாரச் சுவரில் மின்பெட்டிகள் இரண்டு இருந்தன. குணாளன் ஒன்றுக்கு இரண்டு முறை வயர் போகும் வழியைப் பார்த்தான். பல்லைக் காட்டிச் சிரித்தான்.

"பேராசை புடிச்சவனுங்க. டிவி எவ்ளோ கரண்டு இஸ்துதுன்னு தெரிஞ்சிக்க அதுக்குன்னு தனி மீட்டரு, தனி சுவிட்சு. மெஷினுங்கல்லாம் வேற லைன்ல கீது, ஒண்ணும் ஆவாது. ஆனா தங்கச்சி, இத்த எறக்கினா இந்த வார்டுல எல்லா டிவியும் நின்னுடும். அப்பால உன்னைத்தான் புடிப்பானுங்க. யோசிச்சிக்கோ."

மெர்சி வார்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "பெரிப்பா, உங்க சீரியலு…"

"அதுல அந்தப் பொண்ணுக்கு இன்னிக்குக் கல்யாணம்," என்றார் அருணகிரி. "நடந்தா நடக்கட்டும். நான் இன்னா மொய்யா எழுதப் போறேன்? போடு."

சுவிட்சைக் குணாளன் இறக்கினான். பூட்டை மெர்சி போட்டாள். அட்டை தொங்கியது: 'ஆபத்து! ஆள் வேலையில் இருக்கிறார். சுவிட்சைப் போடாதே.' கீழே ஹெல்மெட் போட்ட ராபினின் சிரித்த முகம்.

வார்டில் எல்லாத் திரைகளும் ஒன்றாக இருண்டன. முதலில் ஃபேன் சத்தம் கேட்டது. அப்புறம் யாரோ மூக்கை உறிஞ்சுவது. தூரத்தில் பொன்னேரி பக்கம் போகும் மின்சார ரயில். "அடேங்கப்பா," என்றார் அருணகிரி மெதுவாக, "நான் மூச்சு வுடறது எனக்கே கேக்குது." மெர்சி மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் எண்கள் அசையவில்லை. பிறகு, வர மனமில்லாமல் வருவதுபோல, ஒவ்வோர் எண்ணாக இறங்க ஆரம்பித்தன.

பார்வையாளர் நேரம் முடிந்து குணாளன் கிளம்பினான். பூவராகவன் வருவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. கூடவே மருத்துவமனை எலக்ட்ரீஷியன் பீட்டர், கையில் பெரிய கட்டருடன்.

"வெட்டுங்க பீட்டர்."

பீட்டர் அட்டையைப் படித்தார். கட்டரைத் தரையில் வைத்தார். "சார், இது மில்லு பூட்டு. டேக் போட்டிருக்கு."

"அதனால என்ன?"

"போட்டோல கீற ஆளுதான் சார் கழட்டணும். நான் தெர்மல் பவர் ஸ்டேஷன்ல காண்ட்ராக்ட்ல இருந்தவன். அடுத்தவன் பூட்டை ஒருத்தன் வெட்டி, உள்ள கை வெச்சிருந்தவன் கரியா வந்ததைப் பாத்திருக்கேன். வேலையை வுட்டுத் தூக்கினாலும் தூக்குங்க. நான் தொட மாட்டேன்."

"அந்த ஆள் நினைவில்லாம இருக்காரு!"

"அப்ப முழிக்கட்டும் சார்."

பூவராகவன் பாதுகாப்புக் குழுவுக்குப் போன் செய்தார். போன மாதம்தான் மருத்துவமனை ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கி, லாபியில் வெல்வெட் பின்னணியில் மாட்டியிருந்தது. அதன் முதல் விதியே, எந்த எச்சரிக்கை அட்டையையும் உரியவர் தவிர வேறு யாரும் அகற்றக் கூடாது என்பதுதான். குழு கூடிப் பேசி, உரியவரின் சம்மதத்தைப் பெறும்படி மேலாளருக்கு உத்தரவிட்டது. பூவராகவன் ராபினின் கட்டிலருகே வந்து கைகட்டி நின்றார்.

"திரு ராபின் அவர்களே," என்றார். "தங்கள் பூட்டை அகற்றிக்கொள்ளத் தங்களைப் பணிவோடு…"

"சார், பேஷண்ட்கிட்ட பேசக் கூடாது," என்றாள் ரோஜா.

"நான் சம்சாரம் சார்," என்றாள் மெர்சி. "வேணும்னா அவருக்குப் பதிலா நான் சொல்லட்டுமா? ஆனா அது அவரோட தனியுரிமை ஆச்சே."

"ஒத்துழைக்காத வாடிக்கையாளர்னு உங்க மேல ஒரு குறிப்புப் போட வேண்டியிருக்கும் மேடம்," என்று சொல்லிவிட்டு, பூவராகவன் போனைக் காதில் வைத்தபடி வெளியே போனார்.

இரவு அமைதியாகக் கழிந்தது. மெர்சி அதை நம்பவில்லை.

நம்பாதது சரிதான். மறுநாள் காலை சேர்மன் வருகிறார் என்று தெரிந்தது. ஆறுதல் திரைக்கு ஒரு வயது நிறைகிறது. விளம்பரம் கொடுக்கும் கம்பெனிக்காரர்களையும் அழைத்து வருகிறார். ஒப்பந்தப்படி ஒவ்வொரு கட்டிலுக்கும் விளம்பரம் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். ஒரு வார்டு இருண்டு கிடப்பது அவர்கள் கண்ணில் பட்டால் பணம் நிற்கும்.

பூவராகவன் இரவெல்லாம் யோசித்திருக்க வேண்டும். காலை டிபன் வண்டிக்குப் பின்னாலேயே பயிற்சி நர்ஸ்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் தட்டச்சு செய்த தாள். கட்டிலுக்கு ஒருத்தியாக, நோயாளியின் முகத்துக்கு நேரே நிறுத்தப்பட்டார்கள்.

"கவனிங்க," என்றார் பூவராகவன். "மின்சாரம் இருந்தாலும் இல்லாட்டியும் நம்ம ஆறுதல் நிக்கக் கூடாது. தாள்ல இருக்கிறதை உரக்க, சிரிச்ச முகத்தோட படிக்கணும். முடிஞ்சதும் மறுபடி முதல்லேர்ந்து. நானும் சேர்மனும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்னு பாத்துட்டே இருப்போம். யார் வாய் அசையலையோ அவங்களுக்கு டிரெய்னிங் சர்டிபிகேட் கிடையாது."

சேர்மன் வார்டுகளுக்குள் வருவதில்லை. நோயாளிகளிடமிருந்து ஏதாவது ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கருத்து.

"சார், இன்னிக்கு மத்தியானம் ஸ்கேன் சார்," மெர்சி பூவராகவனின் பின்னால் ஓடினாள். "அதுவரைக்கும், அது வரைக்குந்தான் சார். இந்த ஒரு கட்டில மட்டும் வுட்டுடுங்க. வேணும்னா எனக்குப் படிச்சுக் காட்டட்டும். வெளிய வந்து நிக்கறேன். எவ்ளோ நேரம் வேணும்னாலும் கேக்கறேன்."

"நீங்க உள்நோயாளி இல்லையே மேடம்," என்றார் பூவராகவன் வருத்தத்தோடு, கதவைச் சாத்தினார்.

வார்டில் ஒரே சமயத்தில் பல பெண்குரல்கள் கிளம்பின. ஒரு கட்டிலில் டைல்ஸ், ஒரு கட்டிலில் சிமெண்ட், ஒரு கட்டிலில் எளிய தவணையில் நகை. அருணகிரியின் கட்டிலில் முழங்கால் வலித் தைலம். "அம்மாடி, எனக்கு முட்டியே இல்லாத மாரி கட்டு போட்டு வெச்சிகீறானுங்க," என்றார் அவர். மெஷினில் எண்கள் அசைந்தன. ஒன்று ஏறியது. இன்னொன்று.

ராபினின் கட்டிலுக்கு ஒதுக்கப்பட்டவள் ரோஜா.

அவள் தாளைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்துக்கு நேரே நின்றாள். நேற்று அந்த முகத்தில் இருந்த வாந்தியைத் துடைத்தவள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பட்டு வேட்டியும் கோட்டுகளும் வந்து நின்றன. பூவராகவன் அவளைப் பார்த்து விரலை உயர்த்தினார். மெர்சி ரோஜாவைப் பார்த்தாள். கேட்க வாய் வரவில்லை. ஒரு பெண்ணின் சர்டிபிகேட்டைக் கேட்பது எப்படி?

ரோஜா பல் தெரியச் சிரித்தாள். வாயைத் திறந்தாள். உதடுகள் அகலமாக விரிந்தன, குவிந்தன, மறுபடி விரிந்தன. தலை ஆடியது. கை வீட்டு மனையின் அகலத்தைக் காட்டியது. சத்தம் வரவில்லை.

அருணகிரிதான் முதலில் கவனித்தார். தன் கட்டிலருகே தைலத்தைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்த பெண்ணின் கையைத் தட்டினார். "ஏம்மா, அந்தப் பக்கம் பாரு. நீயும் அப்படியே ஊமைப்படம் காட்டேன். எனக்கு நல்லாப் புரியும்." அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். கண்கள் விரிந்தன. தைலம் பாதி வாக்கியத்தில் நின்றது, உதடுகள் நிற்கவில்லை. அடுத்த கட்டிலில் சிமெண்ட் அடங்கியது. அதற்கடுத்து டைல்ஸ். தூரத்துக் கோடியில் நகைக்காரி மட்டும் இன்னும் இரண்டு வரி படித்தாள். தன் குரல் தனியாகக் கேட்டதும் அவளும் நாக்கைக் கடித்துக்கொண்டு, வாயை மட்டும் அசைத்தாள்.

கண்ணாடிக்கு வெளியே சேர்மன் விருந்தினர்களை நோக்கிக் கையை விரித்தார். கதவின் கீழ் இடுக்கு வழியாக அவர் குரல் மெலிதாக வந்தது. "பாருங்க. எந்த மெஷினாவது இப்படி ஒரு முக பாவத்தைக் கொடுக்குமா? எத்தனை ஈடுபாடு! ஒரு வருஷமா இந்த நிறுவனம் சொல்ல வந்தது இதுதான். நோயாளிக்கு நாம என்ன சொல்றோம்கிறது முக்கியம் இல்ல. சொல்லிட்டே இருக்கோம்கிறதுதான் முக்கியம்."

விருந்தினர்கள் கைதட்டினார்கள். அதுவும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மெலிதாகத்தான் கேட்டது. பூவராகவன் ஒவ்வொரு கட்டிலாக எண்ணித் தலையசைத்தார்.

மெர்சியின் கண் மெஷினை விட்டு அகலவில்லை. ஏறிய எண் நின்றது. தயங்கியது. இறங்கியது. அவள் ராபினின் கையைப் பிடித்திருந்தாள். அந்தக் கை திடீரென்று அவள் விரல்களை இறுக்கியது.

ராபின் கண்ணைத் திறந்திருந்தான். கூரையைப் பார்த்தான். இருண்ட திரையைப் பார்த்தான். பிறகு தன் முகத்துக்கு நேரே, பல்லெல்லாம் தெரிய, ஒரு பெண் வாயை ஓயாமல் அசைப்பதைப் பார்த்தான். மெதுவாகக் கண்களை ஓட்டினான். அடுத்த கட்டிலில் ஒருத்தி. அதற்கடுத்தும் ஒருத்தி. வார்டு முழுவதும் வாய்கள் பேசிக்கொண்டிருந்தன, ஒன்றும் கேட்கவில்லை.

ரோலிங் மில் இரைச்சலில் வேலை பார்க்கிற எவனுக்கும் உயிருக்கு முன்னால் காதைப் பற்றித்தான் பயம். அவன் முகம் வெளிறியது.

"மெர்சி," என்றான், வறண்ட தொண்டையால், ஒவ்வோர் எழுத்தாக. "எனக்கு… காது பூட்ச்சா?"

அவன் அவள் பெயரைச் சொல்லிவிட்டான். சரியாகச் சொல்லிவிட்டான். மெர்சிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. இரண்டையும் துப்பட்டாவுக்குள் அடக்கிக்கொண்டு அவன் காதருகே குனிந்தாள்.

"காதுக்கு ஒண்ணும் ஆவல," என்றாள் ரகசியமாக. "வெளம்பரம் போவுது. நீ கண்ண மூடிக்கினு தூங்கு."

அவன் மூடிக்கொண்டான்.